தேத்தண்ணிக்கு முன் குற்றப்பிரேரணை

சங்கத்து நிர்வாகசபைக்கு என்னை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கதைக்க மாட்டேன். கதைக்காத ஆள் ஒருவர் இருந்தால் கூட்டம் கெதியாக முடியும் என்று தலைவரே சொல்லி என்னை முன்மொழிந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓம் என்று பதிந்துகொண்டார்கள்.

இத்தாலியில், பலேர்மோவில் நான் படிக்கட்டுக் கழுவுகிறவன். துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள சில பழைய கட்டடங்களில் வேலை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பார்த்துப் படித்ததுதான்.

சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. மண்டபம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சந்துக்குள், முன்பு மோட்டார் சைக்கிள் திருத்திய இடம். சுவருக்கு வெள்ளை அடித்தோம். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை எத்தனை தரம் அடித்தாலும் மேலே வந்தது. அந்த இடத்தில் சரஸ்வதி படத்தை மாட்டினோம்.

நிர்வாகசபையில் ஐந்து பேர். தலைவர். செயலாளர். தலைவரின் மனைவியின் தம்பி, அவரை எல்லோரும் மச்சான் என்போம். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற மன்னார்க்காரர், அவர் வேதக்காரர். பிறகு நான்.

சங்கத்தைப் பதிய வேண்டும் என்றபோது யாப்பு, அதுதான் சட்டவிதிகள் எழுதின கொப்பி, ஒன்று கேட்டார்கள். எங்களிடம் யாப்பு இல்லை. செயலாளருடைய ஒன்றுவிட்ட அண்ணர் கனடாவில் பெரிய சங்கம் ஒன்றில் இருந்தார். அவர் தங்கள் யாப்பை அனுப்பிவிட்டார். நாங்கள் ஊரின் பேரை மாற்றினோம். மற்றதை மாற்ற நேரம் இல்லை, எல்லோருக்கும் மறுநாள் வேலை. அதனால் எங்கள் யாப்பில் பனி அகற்றும் உபகுழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பொறுப்பு மச்சான். பலேர்மோவில் பனி விழுந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் மச்சான் எழும்பி, இந்த வருசம் பனி அகற்றும் வேலை எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது என்று அறிக்கை வாசிப்பார். கை தட்டுவோம்.

தலைவர் நல்ல மனிசன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறவர். அவருடைய கைப்பதம் வேறு ஒருவருக்கும் வராது. செத்தவீடு என்றாலும் சாமத்தியவீடு என்றாலும் அவர்தான் கிடாரத்துக்கு முன்னால் நிற்பார். நிர்வாகசபைக் கூட்டத்துக்கும் வெறும் கையோடு வரமாட்டார். பெரிய தட்டில் மீன் ரோல்ஸ், உளுந்து வடை, இஞ்சி போட்ட தேத்தண்ணி. முதலில் சாப்பாடு, பிறகு கூட்டம். அது எங்கள் வழக்கம்.

சாப்பிட்டு முடிய அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். “நான் சொல்லுறதைக் கேளுங்கோ” என்பார். நாங்கள் கேட்போம். ஒருவருடைய ரோல்ஸைத் தின்றுவிட்டு அவருக்கு மறுப்புச் சொல்ல எங்கள் ஆட்களால் முடியாது. யாராவது வாயைத் திறந்தால், “தம்பி, நீர் ஒண்டுதானே எடுத்தனீர்” என்று இன்னொன்றைக் கையில் வைத்துவிடுவார். இப்படியே அவர் பல வருசம் தலைவராக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. படிப்பிக்கிறவ வன்னியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவ. இங்கே, நான் படி கழுவுகிற கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஒரு வயதான சீஞ்ஞோராவை, இத்தாலியக்கார அம்மாவை, பார்த்துக்கொள்கிறா. கிழமை முழுக்கச் சீஞ்ஞோரா அவவை “ஏய்” என்று கூப்பிடுவா. ஞாயிறு இரண்டு மணித்தியாலம் பிள்ளைகள் ரீச்சர் என்று கூப்பிடுவார்கள். என் மகளும் அந்த வகுப்பில்தான்.

வாணிவிழாவுக்குப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். ரீச்சர் எழுதவில்லை. பிள்ளைகளே யோசித்துச் செய்தது. ஒரு ராசா, நாலு மந்திரிகள். ராசா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து “நான் சொல்லுறதைக் கேளுங்கோ” என்கிறார். மந்திரி ஒருவர் வாய் திறக்கிறார். ராசா ஓடிப்போய் அந்த வாய்க்குள் ஒரு வடையை வைக்கிறார். அடுத்த மந்திரி வாய் திறக்கிறார். அவருக்கும் வடை. ஒரு மந்திரி தும்புக்கட்டை வைத்துக்கொண்டு இல்லாத பனியைக் கூட்டிக்கொண்டே இருந்தார். கடைசி மந்திரி கதைக்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு வடையும் கிடைக்கவில்லை. அந்த மந்திரி என் மகள்.

சனம் சிரித்துச் சிரித்து இருமியது. தலைவரும் சிரித்தார். தொடையில் அடித்துச் சிரித்தார். “ஆரடா இந்த ராசா, சரியான விசரன்” என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவ, அதைக் கேட்டதும் குடித்த தண்ணீரை முன் கதிரைக்காரர் மேல் துப்பிவிட்டுச் சிரித்தா. அப்போதுதான் தலைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ராசாவைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தன் கண்ணாடியைப் பார்த்தார்.

அடுத்த நாள் மண்டபக் கதவில் புதுப் பூட்டு. ரீச்சரை விலக்கியாயிற்று, வகுப்பு மறு அறிவித்தல் வரை இல்லை என்று வட்ஸ்அப்பில் வந்தது. கீழே “தலைவர்” என்று மட்டும் இருந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டு மூன்று ஞாயிறு போயிற்று. ஒரு காலை ரீச்சர் என் ஈரப் படியில் ஓரமாக ஏறி வந்தா.

“பாத்து, ரீச்சர்” என்றேன்.

“என்ன ரீச்சர், அண்ணை? அந்தப் பேர் இப்ப பூட்டுக்குள்ளை கிடக்கு” என்றா. கொஞ்சம் நின்றா. “சீஞ்ஞோரா ஞாயிறும் வரச் சொல்லிக் கேக்கிறா. மோர்த்திக்கு முதல் முடிவு சொல்லட்டாம். அவவின்ரை மகள் வேறை ஆளையும் பாத்து வைச்சிருக்கிறா. ஓமெண்டு சொன்னால் பிறகு ஞாயிறு எனக்கு இல்லை. இல்லையெண்டு சொல்லுறதெண்டால் ஒரு காரணம் வேணும். வகுப்பு இல்லாமல் என்ன காரணம் சொல்ல?”

மோர்த்தி என்பது இங்கே செத்தவர்களுக்கான நாள், ஐப்பசி நடுவில் வரும். இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படித்தட்டுக்கு இறங்கினேன்.

செயலாளரிடம் போனேன். அவர் பலாறோ சந்தையில் மரக்கறி அடுக்குகிறவர். ஊரில் ஏதோ சங்கங்களில் கூட்டம் நடத்திய ஆள். சட்டம் கதைக்கத் தொடங்கினால் அவருக்குப் பசியும் தெரியாது. கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“யாப்பிலை இருக்கண்ணை. மற்ற நாலு பேரும், தலைவருக்கு முன்னாலை, கை உயர்த்தினால் அவர் போகவேணும். ஒரு கை குறைஞ்சாலும் இல்லை. இதுக்குப் பேர் குற்றப்பிரேரணை. நாடுகளிலை சனாதிபதிக்குச் செய்யிறது.”

“செய்வமோ?” என்றேன்.

“நாங்கள் செய்யாட்டி ஆர் செய்யிறது? சட்டம் போடுற இடத்திலை இருக்கிறவைக்கு வேறை என்ன வேலை? கை தட்டுறதோ? அவர் தனக்கு எண்டு பூட்டுப் போட்டால், ஏன் போட்டனீர் எண்டு கேக்கத்தானே சனம் எங்களை அனுப்பினது.” ஒரு கிழவி தக்காளியை அமுக்கிப் பார்த்தா. அவவைச் சிசிலிப் பேச்சில் ஏசிவிட்டு என்னிடம் திரும்பினார். “மன்னார்க்காரர் வருவார். மச்சானையும் நான் கதைச்சு எடுக்கிறன்.”

கூட்டம் வைத்தோம். தலைவருக்கு மூக்கு நல்ல மூக்கு. அன்றைக்கு மீன் ரோல்ஸ் இல்லை, ஆட்டிறைச்சி ரோல்ஸ். சுடச்சுட. செயலாளர் சட்டைப்பைக்குள் கை விட்டுக் கடதாசியை எடுத்தார். தலைவர் அந்தக் கையில் ஒரு ரோலை வைத்தார். மற்றக் கையில் தேத்தண்ணியை வைத்தார். செயலாளர் இரண்டு கையையும் பார்த்தார். கடித்தார். மன்னார்க்காரர் மூன்று எடுத்தார். மச்சான் எண்ணவில்லை. நானும் தின்றேன்.

கடைசியில் செயலாளர் எழும்பினார். தொண்டையைச் செருமினார். இன்றைய சிற்றுண்டிக்குத் தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் பிரேரணை ஒன்றைக் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சோறு போட வந்தா.

“வேண்டாம்” என்றேன்.

“ஏன்? அங்கை திண்டாச்சோ?” என்றா. “அப்ப பூட்டுத் திறக்காது. உங்கடை நாலு பேரின்ரை வாயும் அந்த மனிசன்ரை தட்டிலை கிடக்கு. ஊரிலை நாய்க்கு எலும்பு போட்டாலும் அது இடைக்கிடை குரைக்கும்.”

மகள் கணக்குக் கொப்பியில் இருந்து தலையை எடுத்து, தமிழும் இத்தாலியனும் கலந்து கேட்டாள். “மா அப்பா, நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை? பெர்கே?”

படுத்துக் கிடந்து யோசித்தேன். மனிசனில் பிழை இல்லை, ரோல்ஸில்தான் பிழை என்று பட்டது. ரோல்ஸ் வராத ஒரு நாள் வேண்டும்.

விடிய எழும்பிக் கலண்டரைப் பார்த்தேன். அதில் முருகன் நின்றுகொண்டிருந்தார்.

கந்தசட்டி வருகிறது. ஆறு நாள் விரதம். தலைவர் அதை மிகக் கடுமையாகப் பிடிப்பவர், பகலில் பச்சைத் தண்ணீரும் இல்லை. விரதக்காரருக்கு முன்னால் தின்பண்டம் நீட்டினால் பாவம் என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்லுவார். சட்டிக்குள் வருகிற ஞாயிறு மத்தியானம் கூட்டம் என்றால் தட்டு வராது. மோர்த்திக்கும் முந்தித்தான் அந்த ஞாயிறு.

செயலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டார். “அண்ணை, வாய் திறக்காத ஆளெல்லாம் உள்ளுக்கை இப்பிடியோ?” என்றார்.

அந்தச் சட்டியில் நானும் விரதம் பிடித்தேன். வெறும் வயிற்றோடு படி கழுவினேன். ஐந்தாம் நாள், கூட்டத்துக்குப் போகிற வழியில், பலாறோவில் பொரிக்கிற மணம் எல்லாம் என் பின்னால் வந்தது.

மண்டபத்தைத் திறந்துவிட்டுத் தலைவர் எங்கோ போயிருந்தார். மச்சான் உள்ளே சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். செயலாளரின் உதடு காய்ந்திருந்தது. மன்னார்க்காரர் மட்டும் தெளிவாக இருந்தார். அவருக்குச் சட்டி இல்லையே.

அப்போது தலைவர் திரும்பி வந்தார். கையில் கடதாசிப் பை. அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்து, உடம்பில் படாமல் கையை நீட்டி வைத்துக்கொண்டு வந்தார், செத்த எலியைக் கொண்டு வருகிற மாதிரி. அவர் நெற்றி நிறைய வீபூதி. பையில் எண்ணெய் ஊறியிருந்தது.

“எங்களுக்கு விரதம் சரி” என்றார். “அதுக்காக மன்னார்த் தம்பியைப் பட்டினி போடேலுமோ? கடையிலைதான் வாங்கினனான். அராஞ்சீனா. இறைச்சி வைச்சது. நான் திறந்தும் பாக்கேல்லை.”

நாலு கை வேண்டும். ஒரு கை குறைந்தாலும் இல்லை. அந்த ஒரு கையைத் தேடிப் பிடித்துவிட்டார். சோற்று உருண்டையைப் பொரித்த மணம் மண்டபம் முழுக்க நின்றது. மச்சான் கண்ணைத் திறந்தார். செயலாளர் விழுங்கினது எனக்குக் கேட்டது.

மன்னார்க்காரர் பையை வாங்கினார். மடியில் வைத்தார். உள்ளே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“சூடாய்க் கிடக்கு, சாப்பிடும்” என்றார் தலைவர்.

“எப்பிடி, அண்ணை? நாலு விரதக்காரருக்கு முன்னாலை இருந்து நான் வாய் அசைச்சால் அந்தோனியார் கேக்க மாட்டாரோ?” என்று பையின் வாயைச் சுருட்டினார். “பிறகு தின்னுறன்.”

செயலாளர் எழும்பினார். இந்த முறை கை இரண்டும் சும்மா இருந்தது. கடதாசியை எடுத்துக் குற்றத்தை வாசித்தார். நிர்வாகசபையைக் கேளாமல் ரீச்சரை விலக்கியது. கேளாமல் பூட்டு மாற்றியது. பொது மண்டபத்தின் பூட்டுத் திறப்பைத் தன் வீட்டுச் சாமித் தட்டில் வைத்திருப்பது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அது நாடகத்தில் வந்துவிட்டது.

“நான் சொல்லுறதை...” என்றார். அதையும் நிறுத்தினார். அதுவும் வந்துவிட்டது.

கண்ணாடியை மறுபடி போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “உங்கடை ஆரின்ரை வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் வரேல்லை? செயலாளர், உம்மடை தாயின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஆர் சமைச்சது? மச்சான், உனக்கு வேலை எடுத்துத் தந்தது ஆர்?”

“நீங்கள்தான் அத்தான்” என்றார் மச்சான், பிரேதம் கதைக்கிற மாதிரி.

“சமைச்சதுக்கு ஆரும் குறை சொல்லேல்லை” என்றார் செயலாளர். “பூட்டினதுக்குத்தான்.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் கதைக்க மாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. “நீரே சொல்லும் காணும். சின்னப் பிள்ளையள் என்னைப் பாத்து நக்கலடிக்க, நானும் சேந்து சிரிக்கவேணுமோ?”

“ஓம்” என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது அது ஒன்றுதான். தலைவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

“பிரேரணைக்கு ஆதரவான ஆக்கள் கை உயர்த்துங்கோ” என்றார் செயலாளர். சொல்லிவிட்டுத் தான் உயர்த்த மறந்துவிட்டார். பழக்கம் இல்லை. இவ்வளவு காலமும் எங்கள் கை தட்டுக்குத்தான் போய் வந்தது.

நான் உயர்த்தினேன். செயலாளர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கினார். மன்னார்க்காரரும் தூக்கினார். பை அந்தக் கையில்தான் இருந்தது. அராஞ்சீனாவும் சேர்ந்து மேலே போனது. கடதாசியில் இருந்து ஒரு சொட்டு எண்ணெய் நிலத்தில் விழுந்தது.

மூன்று கை. எல்லோரும் மச்சானைப் பார்த்தோம். மச்சான் தலைவரைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். சரஸ்வதியைப் பார்த்தார். அப்படியே கையை உயர்த்தினார், காது வரைக்கும்.

“நீயுமோடா?” என்றார் தலைவர்.

“அக்கா சொன்னவ, அத்தான்” என்றார் மச்சான். “உங்களைத் தலைவராய் எடுத்த நாளிலை இருந்து நீங்கள் வீட்டிலை ஒரு முட்டை பொரிக்கேல்லையாம். கையை உயர்த்தாமல் வீட்டுப் பக்கம் வராதை எண்டிட்டா.”

தலைவர் மச்சானைக் கனநேரம் பார்த்தார். பிறகு வேட்டி மடியில் கொண்டுவந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். கோபத்தோடு வைக்கவில்லை. உப்புச் சிரட்டையை வைக்கிற மாதிரி, கவனமாக வைத்தார். எழும்பி வெளியே போனார். வாசலில் நின்று மன்னார்க்காரரைப் பார்த்து, “ஆறப் போகுது” என்றார். போய்விட்டார்.

மன்னார்க்காரர் சந்துக்குள் இறங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார்.

அடுத்தது புதுத் தலைவர். செயலாளருக்கு ஆசை இருந்தது. மற்ற இருவரும் அவரைப் போட்டால் கூட்டம் விடியும் மட்டும் நடக்கும் என்றார்கள். மன்னார்க்காரர் கப்பல் வந்தால் தன்னால் நிற்க முடியாது என்றார். மச்சான் தனக்குப் பனி இருக்கிறது என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் படியேறி வந்தா. நான் துடைப்பத்தைச் சுவரோடு சாய்த்தேன்.

“ஞாயிறு வகுப்பு இருக்கு” என்றேன்.

“ஆர் சொன்னது? தலைவரோ?”

“ஓம்.”

“மனம் மாறிட்டாரோ?”

“ஆள் மாறிட்டுது.” திறப்பை எடுத்து நீட்டினேன். “நான்தான்.”

ரீச்சர் என்னைப் பார்த்தா. திறப்பைப் பார்த்தா. பிறகு ஈரம் என்றும் பாராமல் படியில் இருந்து சிரித்தா. மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. “ஏய்” என்று சீஞ்ஞோரா மேலிருந்து கத்தினா. ரீச்சர் பாவாடையின் பின்பக்கம் நனைந்தபடியே ஏறிப் போனா. ஞாயிறு வரமுடியாது, ஞாயிறு எனக்குப் பள்ளிக்கூடம் என்று இத்தாலியனில் சொல்வது கீழே கேட்டது. சீஞ்ஞோரா மாதாவைக் கூப்பிட்டா, பிறகு மகளைக் கூப்பிட்டா. பிறகு, சரி, கோப்பியாவது போடு என்றா.

பழைய தலைவர் இரண்டு கூட்டத்துக்கு மண்டபத்துப் பக்கம் வரவில்லை. அடுத்ததற்குத் தட்டோடு வாசலில் நின்றார்.

“நான் இப்ப சும்மா ஆள்” என்றார். “சும்மா ஆள் ரோல்ஸ் கொண்டு வரலாம்தானே? யாப்பிலை தடை இருக்கோ?”

செயலாளர் தேடிப் பார்த்தார். தடை இல்லை. பழைய தலைவர் தட்டை நேரே என்னிடம் கொண்டுவந்தார். “தலைவர், முதல் நீங்கள் ஒண்டு எடுங்கோ.” மீன் ரோல்ஸ். பொரித்து இறக்கின சூடு முகத்தில் அடித்தது. மற்ற மூன்று பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“கூட்டம் முடியட்டும்” என்றேன்.

தீர்மானங்களுக்குப் பிறகுதான் தேத்தண்ணி என்று அன்றைக்கு ஒரு சட்டம் போட்டோம். நான் என் வாழ்நாளில் போட்ட சட்டம் அது ஒன்றுதான். ரோல்ஸ் ஆறிவிடும் என்ற பயத்தில் இப்போது எங்கள் கூட்டங்கள் கெதியாக முடிகின்றன. பழைய தலைவர் மூலையில் தட்டை மூடிக்கொண்டு இருந்து, செயலாளர் கதையை நீட்டினால் “சுருக்கும் காணும், ஆறுது” என்பார். நாடகம் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் ஞாயிறு வகுப்புக்கும் வடை வருகிறது. ராசாவாக நடித்த பிள்ளைக்கு இரண்டு.

போன கிழமை மகள் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கையில் என் பழைய துடைப்பம். வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மெதுவாக ஆட்டினாள். பிறகு நிறுத்தினாள். பிறகு மறுபடியும் ஆட்டினாள்.

“அதென்ன?” என்றேன்.

“இந்த வருச நாடகம், அப்பா. இந்த முறை நான்தான் ராசா.”

குசினிக்குள் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

“ஆ, அதேதான்!” என்றாள் மகள். “அப்பிடியே நில்லுங்கோ அப்பா, நான் பாத்துப் பழகோணும்.”

நின்றேன்.